கம்பைல் செய்வது யார் வேலை?

ஒரு சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்கிறீர்கள். பாதியில் ஒரு கறுப்பு விண்டோ திறக்கிறது. எர்ரர் மெசேஜ்கள் வரிசையாக ஓடுகின்றன. பைத்தானைக் காணோம், விசுவல் ஸ்டுடியோவைக் காணோம் என்று உங்கள் கம்ப்யூட்டர் உங்களையே குறை சொல்கிறது. நீங்கள் கேட்டது போட்டோவைச் சிறிதாக்கும் ஒரு புரோகிராம். அதற்குப் பைத்தான் எதற்கு? கம்ப்யூட்டர் வாங்கியதும் வெப் டிசைன் கற்கத் தொடங்கிய வாசகர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். மற்றவர்கள் என்றாவது ஒரு நாள் பார்ப்பீர்கள். பயப்பட வேண்டாம், தவறு உங்களுடையது அல்ல. யாருடையது என்பதைத்தான் இந்த மாதம் பேசப் போகிறோம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. ஜாவா ஸ்கிரிப்ட் என்ற மொழியை 1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் உருவாக்கினார். அப்போது அதற்கு இருந்த வேலை சிறியது. வெப் பக்கத்தில் ஒரு பட்டனை அழுத்தினால் ஏதாவது நடக்க வேண்டும், அவ்வளவுதான். 2008-ல் கூகுள் தன் குரோம் பிரவுசருக்காக வி8 என்ற வேகமான இன்ஜினைச் செய்தது. அடுத்த ஆண்டே ரையன் டால் என்பவர் அந்த இன்ஜினைப் பிரவுசரிலிருந்து தனியே எடுத்து, பைல், நெட்வொர்க் போன்ற வசதிகளைச் சேர்த்து, நோட் ஜே.எஸ். என்று வெளியிட்டார். அதிலிருந்து ஜாவா ஸ்கிரிப்ட் பிரவுசருக்கு வெளியேயும் ஓடத் தொடங்கியது. இப்படி ஒரு மொழியை ஓட்டுவதற்கான ஏற்பாட்டுக்கு ரன்டைம் என்று பெயர். இன்று உங்கள் டெஸ்க்டாப்பில் இருக்கும் விசுவல் ஸ்டுடியோ கோட், ஸ்லாக், சிக்னல் போன்றவை எல்லாம் உள்ளே நோட்டை வைத்துக்கொண்டு ஓடுபவைதான். இவற்றுக்குக் கூடு கொடுப்பது எலக்ட்ரான் என்ற சாப்ட்வேர்.

ஜாவா ஸ்கிரிப்ட் எழுதுவதற்கு எளிது. ஆனால் எல்லா வேலைக்கும் அது ஏற்றதல்ல. நோட்டில் உங்கள் புரோகிராம் ஒரே வரிசையில்தான் ஓடும். ஒரு பெரிய போட்டோவைச் சிறிதாக்கும் கணக்கை அங்கே போட்டால், அது முடியும்வரை மற்ற எல்லாம் காத்திருக்கும். பட்டனை அழுத்தினாலும் அசையாது. இது தவிர, ஜாவா ஸ்கிரிப்ட்டால் நேரடியாகத் தொட முடியாத இடங்களும் விண்டோஸில் உண்டு. இந்த மாதிரி சமயங்களில் புரோகிராமர் அந்தப் பகுதியை மட்டும் சி பிளஸ் பிளஸ் அல்லது ரஸ்ட் போன்ற மொழியில் எழுதி, ப்ராசசர் நேரடியாகப் புரிந்துகொள்ளும் பைலாக மாற்றி நோட்டுடன் இணைக்கிறார். இப்படி மாற்றுவதுதான் கம்பைல் செய்வது. இணைக்கப்படும் துண்டுக்கு நேட்டிவ் ஆட்-ஆன் என்று பெயர்.

இதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். விசுவல் ஸ்டுடியோ கோட் இருந்தால், அது இன்ஸ்டால் ஆகியிருக்கும் போல்டரைத் திறந்து, தேடும் கட்டத்தில் ஒரு நட்சத்திரக் குறி, ஒரு புள்ளி, அதன் பின் நோட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். சில பைல்கள் கிடைக்கும். எக்ஸ்டென்ஷன் புதிதாக இருந்தாலும் ஆள் பழையவர்தான். விண்டோஸில் பல வருடங்களாக நீங்கள் பார்த்துவரும் டி.எல்.எல். பைலேதான் வேறு பெயரில் இருக்கிறது. அழித்துவிடாதீர்கள், பார்த்துவிட்டு மூடிவிடுங்கள்.

சரி, சிக்கல் எங்கே வந்தது? ஜாவா ஸ்கிரிப்ட்டில் எழுதியது எந்தக் கம்ப்யூட்டரிலும் அப்படியே ஓடும். ஆட்-ஆன் அப்படியல்ல. விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று, மேக்குக்கு ஒன்று, அதிலும் இன்டெல் ப்ராசசருக்கு ஒன்று, ஏ.ஆர்.எம். ப்ராசசருக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கம்பைல் செய்ய வேண்டும். பல ஆண்டுகள் புரோகிராமர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மூல நிரலை அப்படியே அனுப்பிவிட்டு, இன்ஸ்டால் செய்பவரின் கம்ப்யூட்டரிலேயே கம்பைல் ஆகட்டும் என்று விட்டுவிட்டார்கள். இட்லி சாப்பிட ஹோட்டலுக்குப் போனவரிடம் அரிசியையும் உளுந்தையும் கொடுத்து, கிரைண்டர் பின்பக்கம் இருக்கிறது, ஆட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்வது போல. இங்கே கிரைண்டரையும் நாமே வாங்கிவர வேண்டும் என்பது கூடுதல் விசேஷம்.

அந்தக் கிரைண்டரின் பெயர் நோட்-ஜிப். கூகுள் தன் குரோம் வேலைக்காகச் செய்த ஜிப் என்ற கருவியை நோட் இரவல் வாங்கியது. அது ஓடப் பைத்தான் வேண்டும். விண்டோஸில் அதோடு மைக்ரோசாப்டின் சி பிளஸ் பிளஸ் கருவிகளும் வேண்டும். இரண்டும் சேர்ந்து ஹார்ட் டிஸ்கில் பல ஜி.பி. இடத்தை எடுத்துக்கொள்ளும். கூகுளே பிறகு ஜிப்பைக் கைவிட்டு வேறு கருவிக்குப் போய்விட்டது. நோட் மட்டும் அதைச் சுமந்துகொண்டிருந்தது. 2018-ல் பெர்லினில் நடந்த ஒரு மாநாட்டில் ரையன் டால், நோட்டில் தான் வருந்தும் பத்து விஷயங்கள் என்று பேசினார். அந்தப் பட்டியலில் ஜிப்பும் ஒன்று. உருவாக்கியவரே இப்படிச் சொன்ன பிறகு, அது உங்கள் கம்ப்யூட்டரில் தகராறு செய்ததற்கு நீங்கள் ஏன் வெட்கப்பட வேண்டும்?

எனக்குத் தெரிந்த ஒரு மாணவர், அப்பா தவணையில் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில் வெப் டிசைன் கற்கச் சேர்ந்தார். பயிற்சி நிலையத்தில் கொடுத்த பழைய பாடத்தில் நோட்-சாஸ் என்ற ஆட்-ஆன் இருந்தது. வெப் பக்கத்தின் வண்ணங்களையும் அமைப்பையும் எளிதாக எழுத உதவும் சாஸ் என்ற மொழிக்கானது அது. உள்ளே இருந்தது லிப்சாஸ் என்ற சி பிளஸ் பிளஸ் நிரல். நோட்டின் ஒவ்வொரு பெரிய வெர்ஷனுக்கும் அதைப் புதிதாகக் கம்பைல் செய்தாக வேண்டும். மாணவர் போட்டிருந்ததோ புது நோட். அதற்கேற்ற பைல் கிடைக்காததால் கம்பைல் செய்யும் படலம் தொடங்கியது. பைத்தான் கேட்டது; போட்டார். வேறு வெர்ஷன் பைத்தான் கேட்டது, அதையும் போட்டார். பிறகு விசுவல் ஸ்டுடியோ. இரண்டு நாளில் மாத டேட்டா தீர்ந்தது, லேப்டாப்பில் இடமும் தீர்ந்தது. மூன்றாம் நாள், தனக்குக் கம்ப்யூட்டர் ஒத்துவராது என்று அவரே முடிவு செய்துவிட்டார். லிப்சாஸை 2020-லேயே அதைச் செய்தவர்கள் கைவிட்டுவிட்டார்கள். கம்பைல் எதுவும் தேவைப்படாத மாற்று ஒன்று தயாராகவே இருந்தது. பெயரில் 'நோட்-' என்ற முன்னொட்டை எடுத்துவிட்டு இன்ஸ்டால் செய்திருந்தால் முடிந்திருக்கும். இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகவே என் கட்சி இதுதான். கம்பைல் செய்வது சாப்ட்வேரை எழுதியவரின் வேலை. பயன்படுத்துபவரின் வேலை அல்ல. அந்த வேலையைச் செய்ய முடியாதவர் நேட்டிவ் ஆட்-ஆன் எழுதவே கூடாது.

கடுமையாகத் தோன்றலாம். ஆனால் இன்று இதற்குச் சாக்கு சொல்ல இடமில்லை. முன்பு நோட் வெர்ஷன் மாறும்போதெல்லாம் உள்ளே இருக்கும் வி8 இன்ஜினும் மாறும், ஆட்-ஆன் உடைந்துபோகும். இதற்காக 2017-ல் நோட் 8 வெர்ஷனில் என்-ஏ.பி.ஐ. என்ற நிலையான இணைப்பு முறை சோதனையாக வந்தது. 2018-ல் நோட் 10 வெர்ஷனில் அது உறுதியானது. இப்போது நோட்-ஏ.பி.ஐ. என்கிறார்கள். உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் மின் சாக்கெட் மாதிரி. உள்ளே ஒயரிங்கை எப்படி மாற்றினாலும் சாக்கெட் மாறாது, பழைய மிக்சி ஓடும். இந்த முறையில் ஒரு தடவை கம்பைல் செய்த ஆட்-ஆன், பிறகு வரும் நோட் வெர்ஷன்களிலும் ஓடும்.

இரண்டாவது மாற்றம் ரஸ்ட். மோசில்லாவில் வேலை செய்த கிரேடன் ஹோர் 2006-ல் சொந்த முயற்சியாகத் தொடங்கிய மொழி இது. முதல் முழு வெர்ஷன் 2015 மே மாதம் வந்தது. சி பிளஸ் பிளஸ் அளவுக்கு வேகமானது. ஆனால் மெமரியைக் கையாளும் விஷயத்தில் மாமியார் போலக் கண்டிப்பானது. தவறு இருந்தால் கம்பைல் ஆகவே விடாது. நாப்பி-ஆர்.எஸ்., நியான் என்ற இரண்டு கருவிகள் ரஸ்ட்டையும் நோட்டையும் இணைக்கின்றன. நாப்பி-ஆர்.எஸ்.ஸில் ரஸ்ட் பங்ஷன் ஒன்றை எழுதி அதன் தலையில் ஒரு குறியைப் போட்டால் போதும். ஜாவா ஸ்கிரிப்ட்டிலிருந்து அதைக் கூப்பிடலாம். நடுவில் வேண்டிய குழாய் வேலையை எல்லாம் கருவியே செய்துகொள்ளும். ஜிப்பும் வேண்டாம், பைத்தானும் வேண்டாம். சிக்னலின் டெஸ்க்டாப் வெர்ஷனில் நீங்கள் பார்க்கும் விண்டோவும் பட்டனும் ஜாவா ஸ்கிரிப்ட். செய்தியை யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் பகுதி ரஸ்ட். இரண்டையும் இணைப்பது நியான்.

இந்தக் கண்டிப்பு ஏன் முக்கியம் என்பதை நம் மொழியை வைத்தே சொல்கிறேன். 'தமிழ்' என்று டைப் செய்யுங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஜாவா ஸ்கிரிப்ட் இதை வைத்திருக்கும் முறையில் 10 பைட். பைல்களிலும் இன்டர்நெட்டிலும் செல்லும் யு.டி.எப்.-8 முறையில் 15 பைட். ஆங்கிலம் மட்டுமே தெரிந்த ஒரு புரோகிராமர், ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்று நினைத்து சி அல்லது சி பிளஸ் பிளஸ்ஸில் 5 பைட் இடம் ஒதுக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பெயருள்ள பைல் வந்தால் ஒரு குறையும் தெரியாது. நீங்கள் 'தமிழ்' என்று பெயர் வைத்த பைலைத் திறக்கும்போது மீதிப் 10 பைட் பக்கத்து இடத்தில் போய் விழும். அங்கே என்ன இருந்ததோ அது அழியும். அதிர்ஷ்டம் இருந்தால் புரோகிராம் உடனே மூடிக்கொள்ளும். இல்லாவிட்டால் எதுவும் நடக்காதது போல ஓடி, எப்போதோ ஒரு நாள் காலை வாரும். கெட்ட எண்ணம் கொண்டவர் இதே ஓட்டை வழியாக உள்ளே நுழையவும் முடியும். திறமையான சி பிளஸ் பிளஸ் புரோகிராமர் இப்படி எழுத மாட்டார் என்பது உண்மைதான். ஆனால் எல்லா நாளும் எல்லாரும் திறமையாக இருப்பதில்லை. தன் சாப்ட்வேர்களில் ஒவ்வோர் ஆண்டும் சரி செய்யப்படும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் மெமரி தொடர்பானவை என்று 2019-ல் மைக்ரோசாப்டே சொன்னது. ரஸ்ட்டில் வழக்கமான முறையில் எழுதினால், 5 பைட் இடத்தில் 15 பைட்டைத் திணிக்க முடியாது. புரோகிராம் நின்றுவிடும், பக்கத்து இடத்தைத் தொடாது.

ஜாவா ஸ்கிரிப்ட்டை விட வேகமாக இருக்கும் என்றும் சொல்வார்கள். பல வேலைகளில் உண்மை. ஆனால் இரண்டு மொழிகளுக்கும் இடையே ஒவ்வொரு தடவை போய்வரவும் சுங்கச் சாவடி மாதிரி ஒரு கட்டணம் உண்டு. மேலே சொன்ன 10 பைட்டை 15 பைட்டாக மாற்றுவதும் அதில் சேர்த்தி. பெரிய வேலையை ஒரே தடவையில் கொடுத்து வாங்கினால் லாபம். சின்னச் சின்ன வேலைக்கு லட்சம் தடவை போய்வந்தால் நஷ்டம்தான். விளம்பரத்தில் ரஸ்ட் என்று போட்டிருப்பதாலேயே ஒரு சாப்ட்வேர் வேகமாக ஓடும் என்று நம்பிவிடாதீர்கள்.

இப்போது என் கட்சிக்கு எதிரான வாதத்துக்கு வருகிறேன், அதுவும் வலுவானதே. எழுதியவரே கம்பைல் செய்து தயாராகக் கொடுத்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? மூல நிரலையாவது படித்துப் பார்க்கலாம். கம்பைல் ஆன பைலைப் படிக்க முடியாது. இது வெறும் பயம் அல்ல. பிக்நம் என்ற ஆட்-ஆனின் பழைய வெர்ஷன்கள், இன்ஸ்டால் ஆகும்போது தயார் பைலை அமேசானின் கிளவுடில் இருந்த ஓரிடத்திலிருந்து டவுன்லோடு செய்யும்படி எழுதப்பட்டிருந்தன. நாளடைவில் அந்த இடம் கைவிடப்பட்டது. வேறு யாரோ அதே பெயரில் அந்த இடத்தைப் பிடித்து, விஷமப் பைலைப் போட்டுவைத்தார்கள். ஆட்-ஆன் வழக்கமான வேலையையும் செய்தது, பாஸ்வேர்டுகளையும் திருடி அனுப்பியது. 2023-ல்தான் இது வெளிச்சத்துக்கு வந்தது. நோட்டுடன் இணைந்த பிறகு ஆட்-ஆனுக்கு வேலி எதுவும் கிடையாது. உங்களால் திறக்க முடிந்த எந்தப் பைலையும் அதனாலும் திறக்க முடியும்.

ஆனால் கம்பைல் வேலையை உங்களிடம் விடுவது இதற்குத் தீர்வாகுமா? ஆகாது. மூல நிரலை நீங்கள் படிக்கப் போவதில்லை, நானும் படிக்கப் போவதில்லை. தவிர, இன்ஸ்டால் சமயத்தில் கம்பைல் செய்ய அனுமதிப்பது என்றாலே, முன்பின் தெரியாத ஒருவரின் கட்டளைகளை உங்கள் கம்ப்யூட்டரில் ஓட்ட அனுமதிப்பதுதான். இதனால்தான் பி.என்.பி.எம். என்ற இன்ஸ்டால் கருவி 2025 ஜனவரியில் வந்த 10-வது வெர்ஷனிலிருந்து, நீங்கள் சம்மதித்தால் ஒழிய அந்தக் கட்டளைகளை ஓட்டுவதில்லை. தயார் பைலை எங்கோ ஒரு கிளவுடில் வைக்காமல், மற்ற பாகங்கள் வரும் அதே களஞ்சியத்தில், கம்ப்யூட்டர் வகைக்கு ஒரு பொட்டலமாக வைப்பதுதான் நல்ல முறை. உங்கள் கம்ப்யூட்டருக்கு ஏற்ற பொட்டலம் மட்டும் இறங்கும். நாப்பி-ஆர்.எஸ். இப்படித்தான் செய்கிறது. போட்டோ வேலைக்கான ஷார்ப் என்ற ஆட்-ஆனும் 2023 முதல் இந்த முறைக்கு வந்துவிட்டது. இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. நண்பரின் மேக்கிலிருந்து பிராஜக்ட் போல்டரை முழுவதுமாக பென் டிரைவில் எடுத்து வந்து உங்கள் விண்டோஸில் போட்டால், மேக்கின் பொட்டலம்தான் கூடவே வரும், ஓடாது. அந்த நோட்-மாட்யூல்ஸ் போல்டரை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். அப்போதும் ஓடாவிட்டால் பேக்கேஜ்-லாக் என்ற பைலையும் அழித்துவிட்டு முயலுங்கள்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறு. தயார் பைல் கொடுக்கும் முறையில், எந்தெந்தக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்பவர் எழுதியவர். பட்டியலில் உங்கள் கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் அவ்வளவுதான். எலக்ட்ரான் 2023-ல் விண்டோஸ் 7, 8 இரண்டையும் கைவிட்டது. ரஸ்ட் 2024 மே மாதம் வந்த 1.78 வெர்ஷனிலிருந்து வழக்கமான வழியில் விண்டோஸ் 10-க்குக் கீழே இறங்குவதில்லை. நோட், அதே ஆண்டு அக்டோபரில் வந்த 23-வது வெர்ஷனோடு 32 பிட் விண்டோஸை விட்டுவிட்டது. உங்களில் பலர் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்றாலும், வாங்கிய கம்ப்யூட்டர் புதிதல்ல. ஆபீஸில் கழித்துக் கட்டியது, மாமா கொடுத்தது, செகண்ட் ஹேண்டில் எடுத்தது என்று எத்தனையோ. அவர்களுக்கு வரும் மெசேஜ், இந்தப் பைல் சரியான வின்32 அப்ளிகேஷன் அல்ல என்பதுதான். உங்கள் கம்ப்யூட்டருக்கு நாங்கள் செய்யவில்லை என்று நேராகச் சொல்வதற்கு என்ன?

இதற்கு ஒரு வழி இருக்கிறது, புரோகிராமர்கள் அதைப் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் குறை. அதன் பெயர் வெப் அசெம்பிளி. அதே ரஸ்ட் நிரலை எந்தக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான ஒரே பைலாகக் கம்பைல் செய்யலாம். வி8 இன்ஜின் அதை வேலிக்குள் வைத்து ஓட்டும். கண்ட பைலையும் அது தானாகத் திறக்க முடியாது. நேட்டிவ் ஆட்-ஆன் அளவுக்கு வேகம் பெரும்பாலும் இருக்காது, விண்டோஸின் உள் வசதிகளைத் தொடவும் முடியாது. ஆனால் ஒரு பைலைப் படித்து மாற்றி எழுதும் வேலைகளுக்கு இதுவே தாராளம். வெப் பக்க நிரல்களைச் சேர்த்துக் கட்டும் ரோலப் என்ற கருவி, 2023-ல் வந்த 4-வது வெர்ஷனில் ரஸ்ட் ஆட்-ஆனுக்கு மாறியபோது, வெப் அசெம்பிளி வடிவத்தையும் தனியாகக் கொடுக்கிறது. ஆட்-ஆன் ஓடாத கம்ப்யூட்டர்காரர்கள் அதைப் போட்டுக்கொள்ளலாம். மற்றவர்களும் இப்படிச் செய்தால் என்ன கெட்டுவிடும்?

வெப் டிசைன் கற்க நோட்டை இன்ஸ்டால் செய்யப் போகும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸுக்கான இன்ஸ்டாலரில், வேண்டிய கருவிகளைத் தானாக இன்ஸ்டால் செய்யட்டுமா என்று கேட்டு ஒரு டிக் பாக்ஸ் வரும். காலியாக விடுங்கள். அதை டிக் செய்தால்தான் பைத்தானும் மைக்ரோசாப்ட் கருவிகளும் பல ஜி.பி. கணக்கில் இறங்கத் தொடங்கும். பாடத்தில் வரும் ஏதாவது ஓர் ஆட்-ஆன் கம்பைல் செய்யச் சொல்லி அடம்பிடித்தால், முதலில் அதன் புது வெர்ஷன் இருக்கிறதா என்று பாருங்கள். பல ஆண்டுகளாகப் புது வெர்ஷனே வரவில்லை என்றால் அதைப் போடாதீர்கள். பாடம் சொல்லிக் கொடுப்பவரிடம் மாற்று எது என்று கேளுங்கள்.

உங்களிடம் இருப்பது 32 பிட்டா, 64 பிட்டா என்று தெரியாவிட்டால் செட்டிங்ஸ் திறந்து, சிஸ்டம், அதில் அபவுட் போய், சிஸ்டம் டைப் என்ற வரியைப் பாருங்கள். 32 பிட் விண்டோஸ் 10 என்றால் நோட்டின் 22-வது வெர்ஷன்தான் உங்களுக்குக் கடைசி. அதற்கான திருத்தங்கள் 2027 ஏப்ரல் வரை வரும் என்று அறிவித்திருக்கிறார்கள்.